நான்கு விரல்

ஆற்றோரம் முழுக்க மழித்த முகம்.
ஒரு மைல் தள்ளி, மேட்டில்,
எந்த வாயும் படாத புல்
நின்ற நிலையிலேயே வைக்கோலாகிக்கொண்டிருக்கிறது.
ஒரே வேலிக்குள்
பஞ்சமும் பந்தியும்.

நெவாடாவின் வடக்கே, மழை
கணக்குப் பார்த்துப் பெய்கிற இடம்.
ஆர்லெட் உர்ரிசாகா குதிரையிலிருந்து இறங்கி
புல்லின் அடியில் கையைப் பக்கவாட்டில் வைக்கிறாள்.
நான்கு விரல் மிஞ்சியிருக்க வேண்டும்,
குத்தகைத் தாளில் அப்படித்தான்.
இரண்டுகூட இல்லை.
ஜூலை இன்னும் முடியவில்லை.

எண்ணிக்கையில் தப்பில்லை.
முந்நூறு மாட்டுக்கு இந்த நிலம் தாராளம்,
மாடு காகிதத்தில் மேயுமானால்.
அதுவோ நம்மைப் போல:
நிழல், தண்ணீர், சமதரை,
இவை மூன்றும் இருக்குமிடத்தில்
நாளையைப் பற்றி யோசிப்பதில்லை.

மே மாதமே உப்புக் கட்டிகளைக்
கோவேறு கழுதை முதுகில் ஏற்றி
அவளும் டெல்வினும் மேட்டில் வைத்துவிட்டு வந்தார்கள்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்குமா மாடு?
வந்தன. நக்கின.
வெள்ளைக் கட்டியில் நாக்கின் குழிகள்.
பிறகென்ன,
உப்பைத் தின்றது தண்ணீர் குடிக்கப் போனது.
போன இடத்திலேயே படுத்துக்கொண்டது.

எனவே ஆகஸ்டில் தண்ணீரையே மேலே ஏற்றினார்கள்.
ஒன்றரை மைல் கறுப்புக் குழாய்,
வெயிலில் ஓடும் சிறு பம்பு,
சுரங்க லாரியின் ராட்சத டயரைக் கிடத்திச் செய்த தொட்டி.
அதற்குள் ஒரு கம்பி ஏணி,
தவறி விழும் குருவி ஏறி வருவதற்கு.

விடியலில் மந்தையை மேலே நகர்த்துவது டெல்வின்.
கூச்சல் இல்லை, சாட்டை இல்லை.
விரட்டினால் மேடு என்பது பயத்தின் பெயராகிவிடும் என்பான்.
கொண்டுபோய் விட்டதும் திரும்புவதில்லை.
முதல் மாடு படுத்து அசைபோடும்வரை
அவனும் தொப்பியை முகத்தில் சாய்த்துப் படுத்திருப்பான்.

நுனிப்புல் மேய்வதை
வசையாக வைத்திருக்கும் மொழியில்
இதை எழுதுகிறேன்.
இங்கே அதுதான் பிரார்த்தனை.
நுனியைக் கடி, நகர்.
நுனியைக் கடி, நகர்.
ஆழ்ந்து படிக்கும் மாடுதான்
கரையை வேர்வரை படித்து முடித்தது.

அப்படி ஆழ்ந்து படித்தவள் இருநூற்றுப் பதினெட்டு.
செவலை. காதில் மஞ்சள் வில்லை.
நான்கு முறை மேட்டில் விட்டார்கள்.
நான்கு முறையும் பொழுது சாய்வதற்குள்
ஆற்று வளைவில், அதே வில்லோ மரத்தடியில்,
ஒன்றும் நடக்காத முகத்தோடு.

அக்டோபரில் லாரியில் ஏற்றினாள் ஆர்லெட்.
வருடம் தவறாமல் ஈன்றவள், பாலுக்குக் குறைவில்லை.
‘இதில் என்ன குற்றம்?’ ஏலக்காரன் பல்லைப் பார்த்துக் கேட்டான்.
‘மலை ஏறமாட்டாள்.’
அவன் சிரித்தான்.
அவள் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தாள்,
இரண்டாவது முறையாக.

அடுத்த ஜூன்.
கரையில் ஓரிடத்தில் மூன்று விரல்.
குளம்புத் தடங்களுக்கு நடுவே
சுண்டுவிரல் பருமனில் ஒரு வில்லோக் கன்று.
மேட்டுப் புல் முதன்முறையாகக்
கத்தரித்த தலைபோல ஏறத்தாழச் சமமாக.
ஆர்லெட் கிட்டத்தட்டச் சீட்டியடித்தாள்.

அப்போதுதான் பார்த்தாள்:
சென்ற வருடம் வைத்துக்கொண்ட கிடாரிகளில் ஒன்று
ஆற்று வளைவில், முழங்கால் தண்ணீரில்.
வாயில் இன்னொரு வில்லோவின் தளிர்.
யாரும் வழி காட்டவில்லை.
பாலோடு சேர்த்துக் குடித்திருக்கிறது வழியை.

டெல்வின் சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து
காது எண்ணைத் தேடுகிறான்.
ஒன்றும் சொல்லாமல் அந்தப் பக்கத்தை அவள் பக்கம் திருப்புகிறான்.
தாய்: 218.

பாஸ்க் மொழியில் அவளுக்குத் தெரிந்தது ஏழு வார்த்தை.
அதில் அச்சிட முடியாததைச் சொல்கிறாள்.
பிறகு சேணத்து வாரை ஒரு துளை இறுக்கி
குதிரையைத் தண்ணீரில் இறக்குகிறாள்,
மெதுவாக, ஓரமாக,
அவசரமே இல்லாதவள் போல.